நள்ளிரவில் சுண்டி இழுக்கும் கெண்டைக்கால்... மருத்துவர்கள் என்ன செய்கிறார்கள்?

நல்ல தூக்கத்தில் இருக்கும்போது கெண்டைக்கால் திடீரென்று சுருண்டு, கல் மாதிரி இறுகிவிடும். வலி உயிர் போகும். கத்தவும் முடியாது, காலை நீட்டவும் முடியாது. பக்கத்தில் படுத்திருப்பவர் பதறி எழுந்து விளக்கைப் போடுவதற்குள் வலி விட்டிருக்கும். சில நாள் ஐந்து நிமிடம், பத்து நிமிடம்கூட நீடிக்கும். மறுநாள் முழுக்க அடிபட்ட இடம்போல ஒரு நோவு மிச்சமிருக்கும்.

சில ஊர்களில் இதைக் 'குரக்களி' என்பார்கள், சில ஊர்களில் 'குரக்குவலி'. 'நரம்பு சுருட்டிக்கிச்சு', 'ஆடுசதை பிடிச்சுக்கிச்சு' என்பதெல்லாம் இதே தொல்லையின் வேறு பெயர்கள்தான். மருத்துவர்கள் 'தசைப்பிடிப்பு' என்கிறார்கள். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது சகஜம். ஓட்டப்பந்தய வீரர், வெயிலில் கல் சுமப்பவர், டயாலிசிஸ் செய்துகொள்பவர் என்று எல்லோரையும் இது தொடும்.

பெரும்பாலானவர்கள் இதற்காக மருத்துவரிடம் போவதில்லை. மெடிக்கல் ஷாப்பில் ஒரு சத்து மாத்திரை, ஒரு தைலம், அதோடு சரி. பல நேரம் அதனால் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால், சாதாரணப் பிடிப்பு என்று விட்டுவிட்ட கால் வலி, ரத்தக்குழாய் அடைப்பாகவோ ரத்தக்கட்டியாகவோ இருந்துவிட்டால் விலை பெரிது. அதனால்தான், பிடிப்பு என்று வருபவரிடம் மாத்திரை எழுதுவதற்கு முன் மருத்துவர்கள் நிறைய கேள்வி கேட்கிறார்கள்.

பிடிப்பது சதைதான்... தூண்டுவது நரம்பு!

தசை தானாகச் சுருங்குவதில்லை. முதுகுத்தண்டிலிருந்து வரும் நரம்பு 'சுருங்கு' என்று மின் சைகை அனுப்பினால்தான் அது சுருங்கும். பிடிப்பு ஏற்படும் நேரத்தில் இந்த நரம்புகள் கட்டுப்பாடில்லாமல் மிக வேகமாகச் சைகைகளை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. தசைக்கு ஓய்வே கிடைப்பதில்லை. அதனால்தான் அப்படி இறுகுகிறது. 'நரம்பு இழுக்குது' என்று பாட்டிகள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது.

இரவில் ஏன் அதிகம்? படுத்திருக்கும்போது பாதம் இயல்பாகவே கீழ்நோக்கி நீண்டிருக்கும். அப்போது கெண்டைக்கால் தசை ஏற்கெனவே குறுகிய நிலையில் இருக்கும். குறுகிய தசைக்கு இன்னும் சிறிது சைகை வந்தாலும் அது முழுசாகச் சுருண்டுவிடுகிறது. குப்புறப் படுப்பவர்களுக்கும், கனமான போர்வையைக் காலுக்கடியில் இறுக்கிச் செருகிக்கொள்பவர்களுக்கும் பாதம் இன்னும் அதிகமாகக் கீழ்நோக்கி வளையும். வயதாக வயதாகத் தசைநார்களின் நீளமும் குறைகிறது. குந்தி உட்காரும் பழக்கம் போய், நாள் முழுக்க நாற்காலியிலேயே இருப்பதால் கெண்டைக்காலுக்கு நீட்சி கிடைப்பதில்லை, அதுவும் ஒரு காரணம் என்று சொல்லும் மருத்துவர்களும் உண்டு.

பிடித்த அந்த நிமிடத்தில்...

மருத்துவர்கள் முதலில் சொல்லும் சிகிச்சைக்குக் காசு வேண்டாம்: பிடித்த தசையை எதிர்த்திசையில் மெதுவாக நீட்ட வேண்டும். தசையை நீட்டும்போது, தசைநாரில் இருக்கும் உணர்வு நரம்புகள் விழித்துக்கொண்டு, 'போதும், நிறுத்து' என்று முதுகுத்தண்டுக்குத் தகவல் அனுப்புகின்றன. கட்டுப்பாடில்லாமல் ஓடிய சைகை அடங்குகிறது.

* கெண்டைக்கால்: முழங்காலை நேராக நீட்டி, கால்விரல்களை முகத்தை நோக்கி இழுக்க வேண்டும். கைக்கு எட்டாவிட்டால் ஒரு துண்டையோ துப்பட்டாவையோ பாதத்தில் மாட்டி இரு முனைகளையும் இழுக்கலாம். அல்லது கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, குதிகாலைத் தரையில் நன்றாக அழுத்தி நிற்கலாம். முதியவர்கள் இருட்டில் அவசரமாக எழக் கூடாது. பிடிப்பைவிட, விழுந்து இடுப்பு எலும்பு முறிவதுதான் பெரிய ஆபத்து.
* பின்தொடை: உட்கார்ந்து காலை நேராக நீட்டி, உடலை முன்னால் சாய்க்க வேண்டும்.
* முன்தொடை: சுவரைப் பிடித்து நின்று, கணுக்காலைப் பின்புறமாகப் பிடித்துக் குதிகாலைப் புட்டத்தை நோக்கி இழுக்க வேண்டும்.
* உள்ளங்கால்: கால்விரல்களை மேல்நோக்கி வளைத்துப் பிடிக்க வேண்டும்.

வெடுக்கென்று இழுக்கக் கூடாது. நிதானமாக நீட்டி, இறுக்கம் விடும்வரை அப்படியே வைத்திருக்க வேண்டும். பிறகு மெதுவாகத் தேய்த்துவிடலாம். நோவு மிச்சமிருந்தால் வெந்நீர் ஒத்தடம் இதமாக இருக்கும். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் மட்டும் ஒத்தடத்தில் கவனமாக இருக்க வேண்டும். சூடு தெரியாமல் கொப்புளம் வந்து, அது புண்ணாகி ஆறாமல் போகக்கூடும்.

கிணற்றிலோ ஆற்றிலோ நீந்தும்போது பிடித்துக்கொண்டால் காலை உதறிப் போராடக் கூடாது. உடனே மல்லாந்து மிதந்தபடி உதவிக்குக் குரல் கொடுக்க வேண்டும். முடிந்தால் அப்படியே கால்விரலை இழுத்துப் பிடிக்கலாம்.

வராமல் தடுக்க: படுக்கும் முன் மூன்று நிமிடம்

அடிக்கடி பிடிப்பு வருபவருக்கு மருத்துவர்களும் பிசியோதெரபிஸ்ட்டுகளும் முதலில் தருவது பயிற்சிதான். நெதர்லாந்தில் 55 வயதைத் தாண்டிய 80 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினர் 6 வாரம், தினமும் படுக்கப்போகும் முன் கெண்டைக்காலையும் பின்தொடையையும் நீட்டும் பயிற்சி செய்தார்கள். இன்னொரு பிரிவினர் செய்யவில்லை. பயிற்சி செய்தவர்களுக்குப் பிடிப்பு வரும் தடவைகளும் குறைந்தன. வலியின் கடுமையும் தணிந்தது. 2012-ல் இந்த முடிவு வெளியானது.

செய்யும் முறை எளிது. சுவரைப் பார்த்து இரண்டடி தள்ளி நின்று, கைகளைச் சுவரில் ஊன்ற வேண்டும். ஒரு காலைப் பின்னால் வைத்து, முழங்காலை மடக்காமல், குதிகால் தரையை விட்டு எழாமல், உடலைச் சுவரை நோக்கிச் சாய்க்க வேண்டும். கெண்டைக்காலில் இழுப்பு தெரியும் இடத்தில் 10 விநாடி நிற்க வேண்டும். காலுக்கு மூன்று முறை. பிறகு, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி முன்னால் சாய்ந்து, பின்தொடைக்கும் அதேபோல. மொத்தமே சில நிமிடங்கள்தான். ஆனால், இரண்டு நாள் செய்துவிட்டு 'ஒண்ணும் கேட்கலை' என்று விட்டுவிடக் கூடாது. பலன் தெரிய சில வாரங்கள் ஆகும்.

மக்னீசியம் மாத்திரை கேட்குமா?

கால் பிடிப்பு என்றதும் பலர் வாங்குவது மக்னீசியம் மாத்திரை. இதுவரை நடந்த 11 ஆய்வுகளை ஒன்றாக வைத்து அலசிய 'காக்ரேன்' மருத்துவ ஆய்வறிக்கை 2020-ல் வந்தது. முதியவர்களின் பிடிப்புக்கு மக்னீசியத்தால் சொல்லிக்கொள்ளும்படியான பலன் இருக்க வாய்ப்பில்லை என்பது அதன் முடிவு. கர்ப்பிணிகள் விஷயத்தில் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. ரத்தத்தில் மக்னீசியம் உண்மையிலேயே குறைந்தவர்களுக்குக் கொடுப்பது வேறு விஷயம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதைத் தாங்களாகச் சாப்பிடவே கூடாது. உடலில் மக்னீசியம் தேங்கி இதயத் துடிப்பையே பாதிக்கலாம்.

புதிய வரவு வைட்டமின் கே2. சீனாவில் முதியவர்கள் 199 பேரிடம் நடந்த ஆய்வில், 8 வாரம் இதைச் சாப்பிட்டவர்களுக்கு, வாரத்துக்குச் சராசரியாக 2.6 முறை வந்த பிடிப்பு 0.96 ஆகக் குறைந்தது. 2024-ல் வெளியான இந்த முடிவு நம்பிக்கை தருகிறது. ஆனால், ஒரே ஓர் ஆய்வை வைத்து எல்லோருக்கும் எழுதிவிட முடியாது. முக்கியமாக, இதய வால்வு மாற்றியவர்கள், வார்ஃபரின் போன்ற ரத்த உறைவு தடுப்பு மாத்திரை சாப்பிடுபவர்கள் வைட்டமின் கே பக்கமே போகக் கூடாது; அந்த மாத்திரையின் வேலையையே அது முறித்துவிடும்.

வேறு வழியில்லாதவர்களுக்கு டில்டியாசெம், பி-காம்ப்ளெக்ஸ் போன்றவற்றை மருத்துவர்கள் முயன்று பார்ப்பதுண்டு. அமெரிக்க நரம்பியல் அகாடமி 2010-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இவை 'பலன் தரக்கூடும்' என்ற அளவில்தான் இடம்பெற்றன. டில்டியாசெம் ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் மருந்து. கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடும் சரக்கல்ல.

நீலகிரியில் விளைந்த மருந்து... இன்று ஏன் வேண்டாம் என்கிறார்கள்?

பிடிப்புக்கு நிஜமாகவே ஓரளவு கேட்கும் என்று நிரூபிக்கப்பட்ட பழைய மருந்து ஒன்று உண்டு. அது குயினைன். சின்கோனா மரப்பட்டையிலிருந்து எடுக்கப்படும் இது, மலேரியாவுக்குத்தான் பேர்போனது. 1860-களில் ஆங்கிலேய அரசு நீலகிரியில் தொட்டபெட்டா, நடுவட்டம் பகுதிகளில் சின்கோனா தோட்டங்கள் போட்டதும், நடுவட்டத்தில் குயினைன் தயாரித்ததும் மலேரியாவுக்காகவே. பின்னாளில் மேலைநாடுகளில் கால் பிடிப்புக்காக இரவில் ஒரு குயினைன் மாத்திரை போடுவது பழக்கமானது.

ஆய்வுகளை அலசிப் பார்த்ததில், இரண்டு வாரத்தில் பிடிப்புகளின் எண்ணிக்கை சுமார் 28 சதவிகிதம் குறைவது தெரிந்தது. ஆனால், சிலருக்கு ரத்தத் தட்டணுக்கள் மளமளவென்று குறைந்தன, இதயத் துடிப்பு தாறுமாறானது, சிலர் உயிரிழந்தார்கள். யாருக்கு இப்படி ஆகும் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியவில்லை. கால் வலிக்குச் சாப்பிடும் மாத்திரையில் உயிர் போகும் அபாயம் இருக்கலாமா? அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1994-ல், கால் பிடிப்புக்காகச் சீட்டு இல்லாமல் குயினைன் விற்பதை நிறுத்தியது. 2006-ல் அனுமதி பெறாத குயினைன் மருந்துகளைச் சந்தையிலிருந்தே விலக்கச் சொன்னது. பிரிட்டனில் மற்ற வழிகள் எல்லாம் தோற்று, தூக்கமே கெட்டவர்களுக்கு மட்டும், மருத்துவக் கண்காணிப்பில் தரலாம் என்ற நிலைதான் இருக்கிறது.

உப்பு, வியர்வை, ஊறுகாய்த் தண்ணீர்

வெயிலில் உழைப்பவர்களுக்கு வரும் பிடிப்பு வேறு ரகம். வியர்வையோடு உப்பும் வெளியேறும். தாகத்துக்கு வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இன்னும் நீர்த்துப்போகும். 1920-களில் இங்கிலாந்தின் ஆழமான, சூடான நிலக்கரிச் சுரங்கங்களில் தொழிலாளர்கள் பிடிப்பால் துடித்தபோது, தண்ணீரில் உப்பு கலந்து கொடுக்கலாம் என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். 1930-களில் அமெரிக்காவின் ஹூவர் அணைக் கட்டுமானத்தில் வேலை செய்தவர்களிடமும் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதே பிரச்னையை ஆராய்ந்தார்கள்.

செங்கல் சூளை, உப்பளம், கட்டட வேலை, வயல் வேலை செய்பவர்களுக்கு இந்தப் பாடம் இன்றும் பொருந்தும். பிடித்தால் உடனே நிழலுக்கு வந்து, தசையை நீட்டி, ஓ.ஆர்.எஸ் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். பாக்கெட்டில் எவ்வளவு தண்ணீர் என்று எழுதியிருக்கிறதோ, அதே அளவில் கரைக்க வேண்டும். உப்பு போட்ட மோர், நீராகாரம் நல்லவையே. வாந்தி, குழப்பம், மயக்கம் வந்தால் அது வெறும் பிடிப்பல்ல, வெப்பத் தாக்குதல், உடனே மருத்துவமனை. வீட்டிலேயே இருந்து, இரவில் மட்டும் கால் பிடிக்கும் ரத்த அழுத்த நோயாளிக்கு உப்பைக் கூட்டுவது சிகிச்சையல்ல. அது வேறு நோயை வரவழைக்கும்.

விளையாட்டு வீரர்களின் கதை இன்னும் சுவாரஸ்யமானது. பிடிப்பு வந்த நெடுந்தூர ஓட்டக்காரர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், ரத்தத்தின் உப்புச் சத்துகளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. களைத்துப்போன தசையில் நரம்புக் கட்டுப்பாடு தடுமாறுவதுதான் முக்கியக் காரணம் என்று இப்போது பல நிபுணர்கள் கருதுகிறார்கள். அமெரிக்க வீரர்கள் பிடிப்புக்கு ஊறுகாய்த் தண்ணீர் குடிப்பார்கள். நம் ஊர் எண்ணெய் ஊறுகாய் அல்ல; வெள்ளரிப் பிஞ்சை ஊறவைத்த புளித்த வினிகர் நீர். 2010-ல் ஓர் ஆய்வில், மின்சாரத்தால் கால் பெருவிரல் தசையில் பிடிப்பை உண்டாக்கி இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். தண்ணீர் குடித்தபோது சுமார் 134 விநாடி நீடித்த பிடிப்பு, இதைக் குடித்தபோது சுமார் 85 விநாடியில் விட்டது. அத்தனை சீக்கிரம் உப்பு ரத்தத்தில் கலக்க முடியாது. தொண்டையில் படும் புளிப்பின் உறைப்பே, நரம்பு வழியாகப் பிடிப்பை அடக்குகிறது என்பது விளக்கம்.

2003-ல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற ராட் மெக்கினன், கடலில் துடுப்புப் படகு ஓட்டும்போது கையில் பிடிப்பு வந்து தவித்தவர். அதற்குப் பிறகு அவர் இஞ்சி, பட்டை, மிளகாய் சேர்த்த ஒரு பானத்தை உருவாக்க முனைந்ததும் இதே கணக்கில்தான். சிலருக்குப் பலன் தருகிறது என்றாலும், தசையை நீட்டுவதற்கு மாற்றாக இதை யாரும் சொல்வதில்லை.

கர்ப்பிணிகளுக்கு...

கர்ப்பத்தின் பிற்பாதியில், அதுவும் கடைசி மூன்று மாதங்களில் இரவுப் பிடிப்பு அதிகம். நீட்சிப் பயிற்சி, மாலையில் சிறிது நடை, போதுமான தண்ணீர், படுக்கும்போது பாதத்துக்குத் தலையணை முட்டு ஆகியவையே முதல் சிகிச்சை. மருத்துவர் கொடுத்த கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளைத் தவறாமல் சாப்பிட வேண்டும். வேறு எந்த மாத்திரையானாலும் பிரசவம் பார்க்கும் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. கர்ப்பத்திலும், குழந்தை பிறந்த பிறகு சில வாரங்களும் காலில் ரத்தம் உறையும் ஆபத்து அதிகம். எனவே, 'புள்ளத்தாச்சிக்கு இதெல்லாம் சகஜம்' என்று ஒற்றைக் கால் வீக்கத்தை ஒதுக்கிவிடக் கூடாது.

மருத்துவர் ஏன் இத்தனை கேள்வி கேட்கிறார்?

'எப்போது வலிக்கிறது?' இதுதான் முக்கியக் கேள்வி. ஓய்வில், இரவில், தசை கெட்டியாகி வலித்தால் அது பிடிப்பு. நடக்கும்போது வலித்து, நின்றால் சில நிமிடங்களில் விட்டு, மறுபடி அதே தூரம் நடந்ததும் வலித்தால், காலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கலாம். பீடி, சிகரெட் பிடிப்பவர்கள், சர்க்கரை நோயாளிகளிடம் இது அதிகம். மருத்துவர் பாதத்தின் மேல்புறம் விரல் வைத்து நாடி பார்ப்பது இதற்காகத்தான். தசை இறுகாமல், காலை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும் போலத் தோன்றினால் அது அமைதியற்ற கால்கள் என்ற வேறு பிரச்னை. இரும்புச் சத்துக் குறைவு அதற்கு ஒரு காரணம்.

'என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?' இது அடுத்த கேள்வி. ரத்த அழுத்தத்துக்கும் வீக்கத்துக்கும் தரும், சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகள், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின், ஆஸ்துமாவுக்கான சில இன்ஹேலர்கள் ஆகியவை பிடிப்போடு தொடர்புள்ளவை. அதற்காக நோயாளியே மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. எதை மாற்றலாம், எந்த அளவைக் குறைக்கலாம் என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

ஆரோக்கியமாக இருப்பவருக்கு எப்போதாவது வரும் பிடிப்புக்குப் பரிசோதனை எதுவும் தேவையில்லை. அடிக்கடி வந்தால் சோடியம், பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம், சர்க்கரை, கிரியாட்டினின், தைராய்டு ஆகியவற்றைப் பார்ப்பார்கள். சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, நரம்பு என்று எங்கே குறை இருக்கிறதோ அதைச் சரிசெய்தால் பிடிப்பும் குறையும்.

டயாலிசிஸ் மேசையில் வரும் பிடிப்பு தனி வேதனை. நான்கு மணி நேரத்தில் அதிக நீரை வேகமாக உறிஞ்சும்போது இது வருகிறது. செவிலியர் உறிஞ்சும் வேகத்தைக் குறைத்து, தேவைப்பட்டால் சலைன் ஏற்றுவார். வலி தாங்காமல் பாதியிலேயே நிறுத்தச் சொல்பவர்கள் உண்டு. அப்படி நிறுத்தினால் கழிவு உடலிலேயே தங்கிவிடும். இரண்டு டயாலிசிஸுக்கு இடையில் உப்பையும் தண்ணீரையும் மருத்துவர் சொன்ன அளவில் வைத்துக்கொண்டால், உறிஞ்ச வேண்டிய நீரும் குறையும், பிடிப்பும் குறையும்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

* ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, சிவந்து வலிப்பது. முக்கியமாக ஆபரேஷன், பிரசவம், நீண்ட பயணம், பல நாள் படுக்கைக்குப் பிறகு. இது ரத்தக்கட்டியாக இருக்கலாம். அதோடு மூச்சுத்திணறல், நெஞ்சுவலி இருந்தால் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.
* கால் திடீரென்று வெளிறி, சில்லிட்டு, மரத்துப்போவது.
* மழைக்காலத்தில் காய்ச்சலோடு கெண்டைக்காலைத் தொட்டாலே வலிப்பது. எலிக்காய்ச்சலின் அடையாளம் இது.
* கடும் உழைப்புக்கோ உடற்பயிற்சிக்கோ பிறகு தசை வலியோடு சிறுநீர் கோலா நிறத்தில் போவது.
* பிடிப்போடு தசை மெலிவது, பலம் குறைவது, சதை துடித்துக்கொண்டே இருப்பது.
* வயிற்றுப்போக்கு, வாந்தியோடு கை, கால்களில் பிடிப்பு வருவது.

இவை எதுவும் இல்லாமல், வாரத்துக்குப் பல இரவுகள் தூக்கத்தைக் கெடுத்தாலே மருத்துவரைப் பார்க்க அது போதுமான காரணம். போகும் முன் இரண்டு வாரத்துக்கு ஒரு பழைய டைரியில் குறித்துவைப்பது நல்லது: எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்தக் கால், எத்தனை நிமிடம், அன்று என்ன வேலை, என்ன மாத்திரை. சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போக வேண்டும். வீட்டில் பெரியவர்கள் பலர் 'வயசானா வரத்தான் செய்யும்' என்று இதைச் சொல்லாமலே இருந்துவிடுகிறார்கள். ராத்திரி நன்றாகத் தூங்கினீர்களா, கால் பிடித்ததா என்று காலையில் ஒரு வார்த்தை கேட்டாலே போதும், அவர்கள் சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.